ஒரு குகையில தொடங்கின குடும்பக் கம்பனி டொலிவூட் வரைக்கும் வளந்தது எப்பிடி?

பலூன்_அக்கா

எல்லாருக்கும் வணக்கம். நானும் தங்கச்சியும் வெள்ளவத்தையில பிள்ளைகளின்ட பேர்த்டே பார்ட்டி, ஸ்கூல் கானிவல், சேர்ச் ஃபெயார் இதுகளுக்கு பௌன்சி காஸில், ஃபேஸ் பெயின்டிங், கேம் ஸ்டோல் எல்லாம் போட்டுக் குடுக்கிறம். சின்ன அளவிலதான், ஆனா அம்மா, தம்பி, தங்கச்சின்ட புருஷன் எண்டு முழுக் குடும்பமும் இதுக்குள்ளதான் நிக்குது.

மாமான்ட மகள் அமெரிக்காவில டென்னசியில இருக்கிறா. போன லீவுக்கு பிள்ளைகளோட டொலிவூட் எண்ட பொழுதுபோக்குப் பார்க்குக்குப் போய் படம் எல்லாம் அனுப்பினவ. அத நடத்திறது டிஸ்னி மாதிரி பங்குச்சந்தைக் கம்பனி இல்லையாம், ஹேர்ஷென்ட் எண்ட ஒரு குடும்பமாம், அவங்க தொடங்கினது ஒரு குகைய லீசுக்கு எடுத்தாம் எண்டு சொன்னா. அதைக் கேட்டதில இருந்து எனக்கு இதே யோசினைதான். குகையில இருந்து எப்பிடி இவ்வளவு பார்க் வந்தது? ஏன் பங்கு வித்து காசு எடுக்கேல்ல? பாட்டுக்காரி டொலி பார்ட்டன் எங்கால வந்தா? விழுந்தும் இருப்பாங்க தானே, அதையும் அறிய ஆசை. கொழும்பில இப்பிடி ஒரு குடும்பம் எப்பவாவது செய்து பாத்திருக்கா எண்டும் தெரிஞ்சவங்க எழுதுங்க. எனக்கு ரைட் பேர், வேகம் ஒண்டும் தேவையில்ல, அந்த ஆக்கள் என்னத்த நினைச்சு என்ன செய்தாங்க எண்டதுதான் வேணும்.

கோட்டை_ரயில்

தங்கச்சி, இந்தக் குடும்பத்தின்ட கதைய நான் விரும்பி வாசிச்சுக்கொண்டு வாற ஆள், அதால கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போறன், பொறுத்துக்கொள்ளுங்க.

முதல் குகையப் பற்றி. மிசூரி மாநிலத்தில ஓசார்க் மலைப்பக்கம், பிரான்சன் எண்ட ஊருக்கு கிட்ட. ஓசேஜ் பழங்குடிச் சனத்துக்கு அது ஆதியிலேயே தெரிஞ்ச இடம். 1869ல சென் லூயிஸ் நகரத்து ஈயச்சுரங்க முதலாளி ஹென்றி புளோ ஆக்களோட உள்ள இறங்கி ஈயம் தேடினார், ஈயம் இல்ல. ஆனா உள்ள இருக்கிறது மாபிள் எண்டு ஒரு நம்பிக்கை பரவி, அத நம்பி 1884ல வேற ஆக்கள் கம்பனியே தொடங்கினாங்க, பாத்தா மாபிளும் இல்ல, வெறும் சுண்ணாம்புக்கல். கடைசியா கையில மிஞ்சினது வௌவால் எச்சம். அத அள்ளி உரத்துக்கு வித்தாங்க, அதுவும் சில வருஷத்தில முடிஞ்சு போச்சு. 1889ல கனடாவில இருந்து வந்த வில்லியம் லிஞ்ச் எண்டவர் அந்தக் குகைய வாங்கினார், 1894ல காசு வாங்கி சனத்தைக் கூட்டிக்கொண்டுபோய் காட்டத் தொடங்கினார், அவருக்கு உதவியா நிண்டதும் பிறகு பொறுப்பெடுத்ததும் அவரின்ட ரெண்டு மகள்மார். அதால ஹேர்ஷென்ட் ஆக்கள் வர முதலே அது குடும்பத்தொழில்தான். தோண்டி எடுத்து விக்கப் பாத்த எல்லாரும் நட்டப்பட்டாங்க, உள்ள கூட்டிப்போய் காட்டினவர் மட்டும் நிண்டு பிடிச்சார்.

ஹியூகோ ஹேர்ஷென்ட் சிகாகோ பக்கத்து ஆள், வக்யூம் கிளீனர் விக்கிற சேல்ஸ் வேலை. அவரும் மனிசி மேரியும் ஓசார்க் பக்கம் லீவுக்கு வந்து வந்து அந்த இடத்தில ஆசைப்பட்டு 1950ல அந்தக் குகைய 99 வருஷ லீசுக்கு எடுத்தாங்க. இந்த 99 எண்ட இலக்கத்தை வடிவாப் பாருங்க தங்கச்சி. கொழும்பில நாங்க ரெண்டு வருஷ லீசில கடை எடுத்திட்டு அடுத்த வருஷம் வாடகை ஏறுமோ, எழும்பச் சொல்லுவாங்களோ எண்ட யோசினையிலேயே ஒரு சுவரைக்கூட நல்லாக் கட்டமாட்டம். 99 வருஷம் கையில இருந்தா ஒரு மனிசன் சேறு கிடக்கிற இடத்தில கொன்கிரீட் நடைபாதை போடுவான், படி கட்டுவான், அதைத்தான் ஹியூகோ செய்தார். குகையின்ட முதல் மண்டபம் 200 அடிக்கு மேல உயரம், அவ்வளவு பெரிசு, அதுக்குள்ள நாட்டுப்புற நடனக் கூட்டமெல்லாம் வைச்சார்.

1955ல ஹியூகோ திடீரெண்டு செத்துப்போனார். மகன்மார் ஜாக், பீட் ரெண்டு பேரும் இருபதுகளின்ட தொடக்கத்தில. மேரி அத வித்திட்டு சிகாகோவுக்குத் திரும்பியிருக்கலாம். ஆனா அவ நிண்டு பிடிச்சா. குகைக்குள்ள இறங்கின சனம் திரும்ப அவ்வளவு படியும் ஏறி வாறது பெரிய கஷ்டம், வயசாளிகளால ஏலாது, அதுக்காக 1950களின்ட கடைசியில கேபிளில இழுக்கிற ஒரு ரயில் போட்டாங்க. வசதி வந்த உடன சனம் கூடிச்சு. சனம் கூடினா வரிசை நீளும். ஒரு குழு உள்ள போய் வரும்வரைக்கும் மற்ற ஆக்கள் மேல வெயிலில சும்மா நிக்கோணும்.

உங்கட கேள்விக்கு நான் குடுக்கிற பதில் இதுதான். அந்த நிக்கிற சனத்துக்காகத்தான் அவங்க ஒரு சின்ன ஊரைக் கட்டினாங்க. 1960 மே 1ந் திகதி சில்வர் டொலர் சிட்டி திறந்தது. 1880களின்ட ஓசார்க் கிராமம் மாதிரி ஒரு இடம், கொல்லன் பட்டறை, பலசரக்குக் கடை, ஐஸ்கிறீம் கடை, பொம்மைக் கடை, வேற இடத்தில இருந்து கழட்டிக் கொண்டுவந்து பூட்டின பழைய மரவீடு, மரத்தால கட்டின ஒரு சேர்ச். தெருவில நடிகர்மார் ரெண்டு குடும்பத்துச் சண்டைய நடிச்சுக் காட்டுவாங்க. ரைட் எண்டு இப்ப நாங்க நினைக்கிற மாதிரி ஒண்டுமில்ல. மரத்தை வெட்டக்கூடாது எண்டு மேரி ஒரே பிடியா நிண்டதால கட்டடங்களை மரத்துக்கு இடம் விட்டுத்தான் கட்டினாங்க, இண்டைக்கும் அந்தப் பார்க்கில நிழல் இருக்குது.

பேர் வந்த விதம் உங்களுக்குக் கட்டாயம் பிரயோசனப்படும். மிச்சக்காசைத் தாளாக் குடுக்காம வெள்ளி டொலர் நாணயமாக் குடுத்தாங்க. சனம் போற வழியில பெற்றோல் அடிக்க, சாப்பிட அந்த நாணயத்தை நீட்ட, கடைக்காரர் இது எங்கால எண்டு கேக்க, போனவங்களே விளம்பரம் செய்து குடுத்தாங்க. 1963ல குகைக்குள்ள வெப்பக்காற்று பலூன் ஒண்டைப் பறக்கவிட்டு அதுவும் பேப்பரில வந்தது. அதே வருஷம் ஓசார்க் கைவினைக்காரரைக் கூட்டி ஒரு திருவிழா தொடங்கினாங்க, கூடை பின்னுறவர், மரம் செதுக்கிறவர், கண்ணாடி ஊதுறவர் எல்லாரும் சனத்துக்கு முன்னாலேயே வேலை செய்து காட்டுவினம். வந்த ஆக்கள் குகைய விட்டிட்டு இதைப் பாக்கவே திரும்பத் திரும்ப வரத் தொடங்கிச்சினம். 1969ல அமெரிக்காவில அப்ப எல்லாரும் பாத்த ஒரு டிவி நகைச்சுவைத் தொடர் அங்க வந்து சில எபிசோட் எடுத்தது, அதோட நாடு முழுக்கத் தெரிஞ்சுது. 1972ல இருட்டுக் கட்டடத்துக்குள்ள ஓடுற ரோலர் கோஸ்டர் ஒண்டு போட்டாங்க, அந்தப் பக்கத்து பழைய சுரங்கக் கிராமம் எரிஞ்ச கதைய வைச்சு. அத 2023 முடிவில மூடி, அதே கதைய அதே பேரில புதுசாக் கட்டி 2024ல திறந்தாங்க. ஐம்பது வருஷம் ஓடின ஒண்டை அப்பிடியே இடிச்சுப்போடாம மறுபடி செய்து குடுத்தது எனக்குப் பிடிச்ச விஷயம், தாத்தாவும் பேரனும் ஒரே கதையில ஏறலாம்.

டொலிவூட் பற்றி என்னைவிட வடிவாத் தெரிஞ்ச ஆக்கள் இங்க இருக்கினம், அவை எழுதட்டும்.

மழைநாள்

நான் எழுதிறன். கொஞ்சக் காலம் அந்தப் பக்கம் இருந்தனான், இப்ப கொழும்பில.

டென்னசியில பிஜன் ஃபோர்ஜ் எண்டு ஒரு சின்ன ஊர், ஸ்மோக்கி மலைகளின்ர அடிவாரம். 1961ல அங்க ரிபெல் ரெயில்ரோட் எண்டு ஒரு சுற்றுலா ரயில் இருந்தது, நிலக்கரி எஞ்சின், போற வழியில அமெரிக்காவில வடக்கும் தெற்கும் சண்டை பிடிச்ச உள்நாட்டுப் போர் காலத்துத் தாக்குதல் மாதிரி நடிச்சுக் காட்டுவினம், ரிபெல் எண்டது தெற்குப் பக்கத்து ஆக்கள். பிறகு கைமாறி பேரும் மாறி, ஒரு கட்டத்தில ஒரு அமெரிக்கன் ஃபுட்போல் அணி முதலாளியிட்டயும் இருந்தது. 1976ல ஹேர்ஷென்ட் ஆக்கள் வாங்கி அதையும் சில்வர் டொலர் சிட்டி எண்டே மாத்திச்சினம். அந்த ரயில் இண்டைக்கும் ஓடுது பாருங்கோ, ரெண்டாம் உலகப்போர் நேரம் அலாஸ்கா பக்கம் ஓடின எஞ்சின்கள், நிலக்கரிப் புகை, கரித்தூள் வந்து சட்டையில படும், பிள்ளையளுக்கு அது ஒரு தனிச் சந்தோசம்.

டொலி பார்ட்டன் அந்த ஊர் இருக்கிற செவியர் கவுண்டி எண்ட மாவட்டத்திலயே பிறந்து வளந்த ஆள், 1946ல. பன்னிரண்டு பிள்ளையளில நாலாவது. மலைக்கு நடுவில ஒரு சின்ன மரவீடு. பாட்டால பெரிய ஆளா வந்தாப்பிறகு தன்ர ஊரில ஒரு பார்க் வைக்கோணும், அங்கத்தைச் சனத்துக்கு வேலை கிடைக்கோணும் எண்டு வெளிப்படையாச் சொல்லிக்கொண்டு இருந்தவ. ஹேர்ஷென்ட் ஆக்களுக்கு இதில ரெண்டு வழி இருந்திருக்கும், பக்கத்தில அவ ஒரு பார்க் போட்டா அதோட போட்டி போடுறது, இல்லாட்டி கை குடுக்கிறது. கை குடுத்திச்சினம். 1986 மே மாதம் அதே இடம் டொலிவூட் ஆச்சு. அவ வெறும் பேரைக் குடுத்து காசு வாங்கிக்கொண்டு போகேல்ல, அதில பங்காளி. இப்ப வருசத்துக்கு 30 லட்சம் பேருக்குக் கிட்ட வருகினம், அந்த மாநிலத்தில காசு குடுத்துப் பாக்கிற இடங்களில இதுதான் முதலாவது.

உள்ளுக்கு அவ வளந்த வீட்டைப் போலவே ஒரு மரவீடு கட்டி வைச்சிருக்கினம். ரெண்டே ரெண்டு அறை. இதுக்குள்ள பன்னிரண்டு பிள்ளையள வளத்திருக்கினம் எண்டு நினைச்சு எங்கட சனம் கனநேரம் நிண்டு பாக்கும், அமெரிக்கன் சனம் கொஞ்சம் கெதியாக் கடந்திடும், எங்களுக்கு அந்த வீடு விளங்கும்.

இன்னொண்டும் சொல்லாம விடேலாது. அவவின்ர தகப்பனுக்கு வாசிக்கத் தெரியாது. அத நினைச்சு 1995ல செவியர் கவுண்டியில பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் மாசம் ஒரு புத்தகம், ஐஞ்சு வயசு மட்டும், இலவசமா, பிள்ளையின்ர பேருக்கே தபாலில அனுப்பத் தொடங்கினவ. இண்டைக்கு அது பல நாடுகளுக்குப் போய், அனுப்பின புத்தகம் 20 கோடியையும் தாண்டிட்டுது. 2016 நவம்பர்ல அந்த மலைப்பக்கம் பெரிய காட்டுத்தீ வந்து வீடுகள் எரிஞ்சபோது வீடு இழந்த குடும்பங்களுக்கு மாசம் 1000 டொலர்படி ஆறு மாசம் குடுக்க ஏற்பாடு செய்தவ. பார்க் நல்லா ஓடினபடியாத்தான் இதெல்லாம் ஏலும், ஆனா இதெல்லாம் செய்தபடியாத்தான் அந்த ஊர்ச் சனம் பார்க்கைத் தங்கட வீடு மாதிரிப் பாக்குது எண்டும் நான் சொல்லுவன். 2022ல ஹேர்ஷென்ட் கம்பனியும் வேலை செய்யிற ஆக்கள் படிக்க விரும்பினா படிப்புச் செலவு முழுக்கத் தாங்களே கட்டுறதா அறிவிச்சுது, முதல் நாளில இருந்தே, பகுதிநேர ஆக்களுக்கும்.

மருதானை_பையன்

நல்லாச் சொல்றீங்க எல்லாரும். ஆனா அக்கா விழுந்ததையும் கேட்டிருக்காங்க, அதையும் எழுதணும்தானே, நல்லதை மட்டும் வாசிச்சிட்டு ஒரு குடும்பம் காசு போட்டா அது சரியில்ல.

பிரான்சன்லயே 2003ல செலிப்ரேஷன் சிட்டி ன்டு ரெண்டாவது பார்க் ஒன்டு திறந்தாங்க. ஐடியா என்னன்டா சனம் பகல்ல சில்வர் டொலர் சிட்டிக்குப் போகும், பின்னேரம் இங்க வரும், ராத்திரி லேசர் ஷோ, பட்டாசு. கேக்க நல்லா இருக்கு. ஆனா நாள் முழுக்க பிள்ளையளோட நடந்து களைச்ச குடும்பம் பின்னேரம் இன்னொரு டிக்கட் எடுக்குமா? 2008 சீசனோட மூடிட்டாங்க. அதே ஆளுங்க, அதே ஊர், அதே அனுபவம், அப்படியிருந்தும் சரிவரல்ல. அந்த இடத்துக்குன்டு சொந்தமா ஒரு கதை இல்லாம போனதுதான் காரணம்ன்டு நான் நினைக்கிறன், குகைக்கு அந்தக் கதை இருந்திச்சு, ரயிலுக்கு இருந்திச்சு.

அடுத்தது பாரமான விஷயம். தரையிலயும் தண்ணியிலயும் ஓடுற டக் வண்டி டூர் கம்பனி ஒன்டும் அவங்ககிட்ட இருந்திச்சு. 2010 ஜூலைல ஃபிலடெல்ஃபியாவில ஆத்து நடுவுல வண்டி பழுதாகி நின்ட நேரம், ஒரு இழுவைப்படகு தள்ளிக்கிட்டு வந்த பெரிய தட்டைக் கப்பல் மோதி ஹங்கேரியில இருந்து வந்த ரெண்டு மாணவர்கள் இறந்தாங்க. அந்த இழுவைப்படகு ஓட்டினவர் ஃபோன்ல இருந்தது விசாரணையில வந்து அவருக்கு சிறைத்தண்டனை கிடைச்சுது. 2017 முடிவுல பிரான்சன்ல ஓடின டக் தொழிலை ரிப்ளி கம்பனிக்கு வித்தாங்க. வித்து ஒரு வருஷம் ஆகல்ல, 2018 ஜூலை 19 அந்த பிரான்சன் ஏரியில புயல்ல ஒரு வண்டி மூழ்கி 17 பேர் இறந்தாங்க, அதுல ஒரே குடும்பத்து ஆளுங்க ஒம்பது பேர். அந்த நேரம் முதலாளி வேற, ஆனா அந்த வண்டி வகையை வருஷக்கணக்கா ஓட்டினவங்க ஹேர்ஷென்ட்தான். 1999லயே ஆர்கன்சோல இதே மாதிரி வண்டி ஒன்டு மூழ்கி 13 பேர் இறந்து, மேல கூரை மூடி இருக்கிறதால சனம் வெளிய வர ஏலாம போகுதுன்டு பாதுகாப்பு ஆளுங்க அப்பவே எழுதி வச்சாங்க. அக்கா, உங்கட பௌன்சி காஸில் விஷயத்துலயும் காத்துதான் எமன். நாலு மூலையும் இறுக்கிக் கட்டுங்க, காத்து கூடினா யார் என்ன சொன்னாலும் பிள்ளையள இறக்கிட்டு காத்தை இறக்கிடுங்க, காசு திருப்பிக் கேட்டா குடுத்திடுங்க.

மத்தது அந்த ரிபெல் ரயில் காலத்து வாசம். டொலியும் ஹேர்ஷென்டும் சேர்ந்து 1988ல தொடங்கின டின்னர் ஷோ ஒன்டு, குதிரை, வடக்குப் பக்கம் தெற்குப் பக்கம் ன்டு சனத்தைப் பிரிச்சு உக்காரவச்சு சாப்பாடு. அது பேர்ல டிக்ஸி ன்டு இருந்திச்சு, அடிமை முறை இருந்த தெற்கை பெருமையா சொல்ற சொல். கறுப்பின மக்களுக்கு அது எப்படி வலிக்கும்ன்டு விமர்சனம் வர, 2018ல அந்தச் சொல்லை எடுத்திட்டாங்க. எடுத்தது சரி. முப்பது வருஷம் பிந்திட்டாங்கன்டுதான் என் கருத்து.

பங்கு விக்காததுக்கு காரணம் கேட்டீங்க. அவங்க கிறிஸ்தவ நம்பிக்கையோட தொழில் செய்றோம்ன்டு கம்பனி நோக்கத்துலயே எழுதி வச்ச ஆளுங்க, பங்குச்சந்தைக்குப் போனா மூணு மாசத்துக்கு ஒருக்கா லாபக் கணக்கு காட்டணும், அந்த அவசரத்துல இப்படி பொறுமையா ஒன்டும் கட்ட ஏலாது. ஆனா எல்லா வேலையையும் குடும்பமே பாக்கல்ல, 2003ல கார் கம்பனி அனுபவம் இருந்த ஜோயல் மேன்பி ன்டு வெளியாளைத்தான் தலைமை நிர்வாகியா வச்சாங்க. முதலீடு குடும்பத்து கையில, நிர்வாகம் தெரிஞ்சவன் கையில. நம்ம ஊர்ல குடும்பக் கம்பனி உடையிறது பெரும்பாலும் இந்த இடத்துலதான், மூத்த மகன்ன்டா அவன்தான் முதலாளிக் கதிரையில இருக்கணும்ன்டு.

பலூன்_அக்கா

எல்லாருக்கும் நன்றி, அம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டினன். மருதானைத் தம்பி, காத்து விஷயம் கட்டாயம், எங்களிட்ட ஆணியும் மண்மூட்டையும் இருக்குது, ஆனா காலிமுகப் பக்கம் ஓடர் வந்தா இனி ரெண்டு தரம் யோசிப்பன். கொழும்பைப் பற்றி ஒருத்தரும் இன்னும் சொல்லேல்லயே?

தெகிவளை_சந்தி

நான் சொல்றேன் அக்கா. கொழும்புல ஒரு குடும்பக் கம்பனி செஞ்சிருக்கு, நம்ம எல்லாரும் ஸ்கூல் ட்ரிப்ல அங்க போனவங்கதான். தெகிவளை மிருகக்காட்சிசாலை. அரசாங்கம் கட்டினதுனு நினைச்சிட்டிருப்போம், ஆனா தொடங்கினது ஜோன் ஹாகன்பெக்னு ஒரு ஜெர்மன்காரர்.

அந்தக் குடும்பத்தோட கதையும் உங்களுக்குப் பொருந்தும். ஹாம்பர்க்ல அப்பா மீன் வியாபாரி. 1848ல அவரோட மீன் வலையில சீல் மாட்டிச்சு, அத தொட்டியில விட்டு சனத்துக்கு காசுக்கு காட்டினார். அதுதான் தொடக்கம். மகன் கார்ல் ஹாகன்பெக் உலகம் முழுக்க மிருகம் வாங்கி விக்கிற வியாபாரியா வளந்தார். 1907ல ஹாம்பர்க் பக்கத்துல ஸ்டெல்லிங்கன்ல திறந்த பார்க்ல கம்பிக்கூண்டு இல்லாம, அகழி வெட்டி, செயற்கைப் பாறை கட்டி, சிங்கமும் மானும் ஒரே காட்சியில தெரியிற மாதிரி செஞ்சார். இன்னைக்கு உலகத்துல எந்த நல்ல மிருகக்காட்சிசாலைக்குப் போனாலும் கம்பிக்குப் பதிலா அகழி இருக்கே, அதுக்கு வழிகாட்டினது அந்த இடம்தான். அந்தப் பார்க் இப்பவும் அந்தக் குடும்பத்துப் பேர்லதான் இருக்கு.

ஜோன், கார்லோட அப்பாவுக்கு இன்னொரு மனைவியில பிறந்தவர். சின்ன வயசுலயே இலங்கைக்கு வந்து கொழும்புல குடியேறி, தோட்டம், மிருக வியாபாரம்னு செஞ்சார். இங்கயிருந்து யானை எல்லாம் ஐரோப்பாவுக்குப் போச்சு. முதலாம் உலகப்போர்ல ஜெர்மன்காரர்ங்கிறதால எல்லாத்தையும் இழந்தார், திரும்பி வந்து 1920களோட கடைசியில தெகிவளையில மிருகங்களை வச்சு ஆரம்பிச்சதுதான் இந்த இடம். கம்பனி நிலைக்கல, 1936ல கலைச்சிட்டாங்க, அரசாங்கம் எடுத்துக்கிச்சு. ரெண்டாம் உலகப்போர் வந்து 1940ல அவர் கொழும்புலயே இறந்துட்டார்.

ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும், இல்லாட்டி மனசு ஒப்பாது. இந்தக் குடும்பம் மிருகத்தோட நிக்கல. 1870கள்ல வட ஐரோப்பாவோட ‘சாமி’ங்கிற பழங்குடி மக்களை கலைமானோட கொண்டுபோய் காட்சிக்கு வச்சாங்க, கூட்டம் வந்துச்சு, அப்புறம் ஆப்பிரிக்காவுல இருந்து, ஆர்க்டிக்ல இருந்து. 1880கள்ல நம்ம நாட்டுல இருந்தும் ஆளுங்களை யானையோட கூட்டிட்டுப் போய் ஜெர்மனியிலயும் பாரிஸ்லயும் மைதானத்துல வச்சு, டிக்கட் எடுத்த சனம் சுத்தி நின்னு பாத்துச்சு. அவங்களும் நம்மள மாதிரி பிள்ளை குட்டி இருந்த ஆளுங்க. குடும்பமா போய்ப் பாக்கிற பொழுதுபோக்குனு அன்னைக்கு விளம்பரம் பண்ணினாங்க. இதப் படிச்ச நாள்ல இருந்து தெகிவளை வாசல்ல நிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆளுங்க ஞாபகம்தான் வருது. அவங்க பேர் எழுதின ஒரு கல்லாவது அங்க வைக்கணும்னு நான் எங்கயும் சொல்லுவேன்.

கோட்டை_ரயில்

சந்தித் தம்பி, அந்தக் கல் விஷயம் சரியான பேச்சு. நானும் ஆதரவு.

பலூன்_அக்காவுக்கு ரெண்டு விஷயத்தோட முடிக்கிறன். 2025ல ஹேர்ஷென்ட் ஆக்கள் பேலஸ் என்டர்டெயின்மென்ட் எண்ட கம்பனியின்ட அமெரிக்கப் பார்க் எல்லாத்தையும் ஒண்டா வாங்கினாங்க, இருபதுக்கு மேற்பட்ட இடங்கள். அதில 1898ல தொடங்கின பிட்ஸ்பர்க் கென்னிவூட் இருக்குது, 1846ல இருந்து விடாம நடக்கிற லேக் கொம்பவுன்ஸ் இருக்குது, அமெரிக்காவில இடைவிடாம ஓடுற ஆகப் பழைய பார்க் அது. இதுக்கு முன்னம் 2013ல ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் கூடைப்பந்து அணி, 2021ல கென்டக்கி கிங்டம், வன்கூவர் மீன்காட்சியகம். இப்ப குடும்பத்தின்ட கையில இருக்கிற இப்பிடியான கம்பனிகளில உலகத்திலேயே பெரிசு எண்டு அவங்களைச் சொல்லினம். எனக்கு இதில கொஞ்சம் பயமும் இருக்குது. கென்னிவூட் பிட்ஸ்பர்க் சனத்துக்கு தலைமுறையாச் சொந்தமான இடம், அங்க போய் ஓசார்க் மாதிரி செய்ய வெளிக்கிட்டா செலிப்ரேஷன் சிட்டிக்கு நடந்ததுதான் நடக்கும். அந்த ஊர்க் கதைய அந்த ஊர் ஆக்களிட்டயே விட்டா பிழைக்கும்.

ரெண்டாவது உங்கட தொழில். நான் சின்னனா இருந்த காலம் ஆடிவேல் வந்தா செட்டியார் தெருவில இருந்து தேர் பம்பலப்பிட்டிப் பக்கம் வாற வரைக்கும் காலி வீதி முழுக்க சனம் காத்துக்கொண்டு நிக்கும், கரும்பு, வளையல், பொம்மை, சர்பத் கடை எல்லாம் அந்தக் காத்திருப்பிலதான் விளையும், சிங்களச் சனம், முஸ்லிம் சனம் எல்லாரும் வருவினம். தேர் கடந்து போறது கொஞ்ச நேரம்தான், சனம் நிக்கிறது பின்னேரம் முழுக்க. மேரி ஹேர்ஷென்ட் பிடிச்சதும் இதே நூலைத்தான். அதால நான் கேக்கிறன், ஒரு பிள்ளை உங்கட காஸிலுக்குள்ள குதிக்கேக்க அப்பா அம்மா, அம்மம்மா என்ன செய்யினம்? வெயிலில நிண்டு ஃபோன் பாக்கினம் எண்டா உங்கட அடுத்த வேலை அதுதான். இன்னொரு காஸில் வாங்கக் காசு போட முதல் நிழல், கதிரை, கண்ணால பாக்க ஒரு கைவேலை வைச்சுப் பாருங்க. அம்மம்மா சந்தோசமா இருந்தா குடும்பம் இன்னும் ஒரு மணித்தியாலம் நிக்கும்.

பலூன்_அக்கா

நிண்டு ஃபோன்தான் பாக்கினம் அண்ணா, நூறு வீதம். அம்மா சொல்றா பனையோலையில கிலுக்கு, சின்னப் பெட்டி, தொப்பி பின்னத் தெரிஞ்ச ஆள் ஒராள் இருந்தா மேசை போட்டு இருத்தலாம், பெரியாக்கள் கட்டாயம் வந்து நிண்டு கதைப்பினம், பிள்ளை போகேக்க கையில ஒரு கிலுக்கும் கொண்டு போகும் எண்டு. அடுத்த ஸ்கூல் கானிவலுக்கு செய்து பாக்கப் போறம். கொழும்பிலயோ நீர்கொழும்புப் பக்கமோ பனையோலை பின்னுறவை, சனிக்கிழமைகளில வரக்கூடியவை ஆரையும் தெரிஞ்சா சொல்லுங்க, நாள் சம்பளமும் வந்து போற செலவும் நாங்க குடுப்பம்.

மழைநாள்

பனை அபிவிருத்திச் சபையின்ர விற்பனை நிலையத்தில முதல் கேட்டுப் பாருங்கோ, சாமான் பின்னிக் குடுக்கிற பெண்கள் எந்தெந்த ஊர் எண்டு அவைக்குத் தெரியும். மன்னாரில எனக்குத் தெரிஞ்ச குடும்பம் ஒண்டும் இருக்கு, தாயும் மகளும் நல்லாப் பின்னுவினம், மகள் இப்ப கொழும்பிலதான் படிக்கிறா. அவவைக் கேட்டிட்டு உங்களுக்கு தனி மெசேஜ் போடுறன்.